பிந்தி ஒடுங்கிய முடுக்கு

முடுக்கு நீண்டது ஒரு திங்கட்கிழமை. ஒடுங்கியது எந்தக் கிழமை என்று கேட்டால் ஒட்டுப்பாறை எஸ்டேட்டில் ஒருவராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் நீண்டது எல்லார் கண்முன்னாலும் நடந்தது, ஒடுங்கியது எல்லாரும் வேறு வேலையாக இருந்தபோது நடந்தது. கம்பெனிக்காரர்களும் நீண்டதைத்தான் அளந்தார்கள், அளந்து சிரித்தார்கள், சிரித்துவிட்டு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நான் அந்த முடுக்கின் வடக்கு வரிசையில் குடியிருப்பவள், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நம்பாதவர்கள் பஸ் ஏறி வந்து பார்த்துக்கொள்ளலாம், டீ நான் வாங்கித் தருகிறேன்.

குலசேகரத்திலிருந்து மலையைப் பார்த்து ஏறும் ரோட்டோரத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே சரிந்து கிடக்கிறது எங்கள் முடுக்கு. உச்சியில் புகைப்புரை இருக்கிறது. மரத்தில் வடித்த பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகையில் காயப்போடும் இடம் அது, நல்ல கெட்டிப் பாறைமேல் கட்டியது. அடியில் கம்பெனிக் கிட்டங்கி, காய்ந்த ஷீட்டை அடுக்கிவைக்கும் இடம். அதைத் தாண்டினால் கேட்டு, கேட்டைத் தாண்டினால் பஸ் நிற்கும் ரோடு. புகைப்புரைக்கும் கிட்டங்கிக்கும் நடுவே முடுக்கின் இரு பக்கமும் தொழிலாளர் வீடுகள், வடக்கு வரிசையில் சர்ச்சுக்குப் போகிறவர்கள், தெற்கு வரிசையில் கோயிலுக்குப் போகிறவர்கள், நடுவில் ஒரு லாரி தாராளமாக ஏறி இறங்குகிற அகலத்துக்கு மண்பாதை. அந்த லாரி அகலத்தைத்தான் நாங்கள் இரு வரிசைக்கும் நடுவே கடவுள் போட்ட வரம்பு என்று நினைத்திருந்தோம்.

அந்த வருஷம் ரப்பர் விலை சரிந்து கிடந்தது. விலை ஏறும்வரை ஒரு ஷீட்டும் வெளியே போகக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார், முதலாளி சொன்னால் மேனேஜர் பத்மகுமார் இரண்டு தடவை சொல்லுவார், ஆகவே நாங்கள் வடித்த பாலும் நாங்கள் உருட்டிய ஷீட்டும் மேலேயிருந்து முடுக்கு வழியாக இறங்கி இறங்கிக் கிட்டங்கிக்குள் அட்டி அட்டியாக ஏறி, தரையை நிறைத்து, சுவரை நிறைத்து, கூரைத் தகரத்தை முட்டிக்கொண்டு நின்றன. கடைசி அட்டியை வைத்த அந்தத் திங்கட்கிழமை காலையில், பால் வடித்துவிட்டு வந்த பெண்கள் முடுக்கில் இறங்கி நடந்தார்கள், நடந்தார்கள், பேச வேண்டியதெல்லாம் பேசித் தீர்ந்த பிறகும் அவரவர் வீடு வரவில்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே முன்பு ஒரு கோழி நுழையும் சந்து இருந்தது, இப்போது ஒரு மாட்டுத்தொழுவம் கட்டலாம் போல் இடம் விழுந்திருந்தது. எங்கள் மண் மூன்று தலைமுறையாக ரப்பர்ப்பால் குடித்த மண். தலைச்சுமட்டில் தளும்பியதும், கால் தட்டிக் கொட்டியதும், மேஸ்திரிமேல் உள்ள கோபத்தில் கவிழ்த்ததும் அதற்குள்தான் போயிருந்தது. அடியில் அத்தனை பாரம் உட்கார்ந்தால் அது கீழே இழுபடாமல் வேறென்ன செய்யும்? இதில் ஆச்சரியப்பட எங்களுக்கு நேரமில்லை, அடுப்பில் சோறு வைக்க வேண்டியிருந்தது.

மத்தியானமே மேனேஜர் சர்வேயரோடு வந்துவிட்டார். நீளத்தை அளந்தார்கள், அளக்க அளக்க மேனேஜரின் முகம் மலர்ந்தது. பிறகு அகலத்தை அளந்தார்கள், மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில்.

"அகலம் அப்பிடியே இருக்கு சார்," என்றார் சர்வேயர்.

"ஒரு விரக்கடகூட கொறையல்லியா?"

"கொறையல்ல சார்."

"பாத்தியளா," என்று மேனேஜர் எங்களைப் பார்த்துக் கையை விரித்தார், "நீளம் கூடியிருக்கு, அகலம் கொறையல்ல. சும்மா கெடச்ச நெலமாக்கும். பகவான் குடுத்தது."

எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். வீடுகளுக்கு நடுவே விழுந்த இடத்தில் மறுநாளே ரப்பர்க் கன்று நடச் சொல்லி உத்தரவும் வந்தது. லட்டைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்தவள் ஷைனி ஒருத்திதான். முடுக்கின் வடக்கு வரிசை நடுவீட்டில் இருக்கும் புஷ்பலீலாவின் மகள், குலசேகரம் காலேஜில் வரலாறு படிக்கிறவள், பிறந்ததிலிருந்து கால் இரண்டும் சூம்பியவள், அவளுக்கென்று வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த மடங்காத இரும்பு வண்டியில் உட்கார்ந்து, பெரிய சக்கரங்களைக் கையால் தள்ளிக்கொண்டு, காலையில் தானே சரிவில் இறங்கி, சாயங்காலம் தானே மூச்சிரைக்க ஏறி வருகிறவள்.

"நாளைக்கும் அளப்பியளா சாரே?" என்று கேட்டாள்.

மேனேஜர் சிரித்தார். "நெலத்த எத்தற தடவ பிள்ளே அளப்பாவ? ஒரு தடவ அளந்தா அளந்ததாக்கும்."

நீண்ட முடுக்குக்கு நாங்கள் சீக்கிரமே பழகிவிட்டோம். டீக்கடைக்காரர் பாதி வழியில் இன்னொரு பெஞ்சு போட்டார், ஏனென்றால் உச்சியிலிருந்து புறப்பட்டவர்களுக்கு அடிக்கு வருவதற்குள் மறுபடி டீ குடிக்கத் தோன்றியது. தபால்காரர் கடைசி வீட்டுக் கடிதங்களை முதல் வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போனார், அவை கைமாறிக் கைமாறிப் போய்ச் சேருவதற்குள் முடுக்கு முழுவதும் சேதி தெரிந்துவிட்டதால் கடைசி வீட்டுக்காரர்கள் கடிதத்தைப் பிரிப்பதையே விட்டுவிட்டார்கள். நடக்கிற தூரம் கூடியதால் புறணி பேசுகிற நேரமும் கூடியது, பழைய ஆட்களைப் பற்றிப் பேசித் தீர்ந்து, இறந்தவர்களைத் தோண்டி எடுத்துப் பேசினோம். பிறகு ஒருநாள் முடுக்கு நீளுவது நின்றது, கிட்டங்கி நிறைந்ததால் புது ஷீட்டு மேலே புகைப்புரையிலேயே தங்கியது, பாரம் அப்படியே இருந்தது, நீளமும் அப்படியே இருந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்று பெருமூச்சு விட்டோம்.

அதற்குப் பிறகுதான் அது ஒடுங்கியது. அவசரமே இல்லாமல் ஒடுங்கியது, யாரும் பார்க்காதபோது ஒரு நூல், குளிக்கப் போயிருந்தபோது ஒரு நூல், எதிர்வீடுகள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி வெட்கப்படுவதுபோல் நகர்ந்தன. புகைப்புரைக்கு விறகு ஏற்றிய லாரி ஒருநாள் நுழையவில்லை, டிரைவர் குடித்திருக்கிறான் என்றார்கள். ஜீப்பு நுழையவில்லை, ஜீப்பு புது மாடல் என்றார்கள். அதன்பின் விறகைத் தலைச்சுமடாக ஏற்றினோம். கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தோம். கதவுகளையெல்லாம் உள்பக்கமாகத் திறக்கும்படி மாற்றினோம். கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்கள் ஒற்றை வரிசையில் வந்ததால் முதல் ஆள் முதல் அடியைப் பாடும்போது கடைசி ஆள் போன பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். செல்லக்கனியின் பசு முடுக்கில் திரும்ப இடமில்லாமல் நாலு நாள் முரண்டு பிடித்தது, பிறகு அதுவே யோசித்து, மேயப் போகும்போது முன்னால் நடந்தும் வரும்போது பின்னால் நடந்தும் வரப் பழகிக்கொண்டது. மழைக்காலத்தில் குடை விரிக்க முடியவில்லை, ஆனால் இரு பக்கத்து ஓடும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டதால் குடைக்குத் தேவையும் இருக்கவில்லை.

புஷ்பலீலாவின் எதிர்வீட்டுக்காரர் நாராயணவடிவு, அந்தப் பசுக்காரி செல்லக்கனியின் புருஷன். அவர் வீட்டுக் கழுவுதண்ணீர் புஷ்பலீலாவின் வாசலுக்கு ஓடுகிறது என்று ஷைனி பிறப்பதற்கு முன்னாலிருந்தே இரண்டு வீட்டுக்கும் சண்டை, இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்குக் கேட்கும்படி தொண்டை கிழியக் கத்துவார்கள். முடுக்கு ஒடுங்கியதால் சண்டை நிற்கவில்லை, சத்தம்தான் குறைந்தது. இப்போது அவர் தன் ஜன்னலில் நின்றபடி, வெற்றிலை போட்டுக்கொண்டே, அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில் திட்டினார், அவளும் அரிவாள்மணையில் மீன் வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல் பதில் கொடுத்தாள்.

"ஓய் வடிவு அண்ணாச்சி, திட்டியதுதான் திட்டுதியரு, அந்த டிவிய கொஞ்சம் இங்கோட்டுத் திருப்பி வச்சுட்டுத் திட்டும்."

"ஏ லீலா, எனக்கு விரதமாக்கும். ஒனக்க மீன்சட்டிய மூடி வை."

அவர் டிவியைத் திருப்பிவைத்தார், அவள் சட்டியை மூடினாள், கழுவுதண்ணீர் மட்டும் ஓடவேண்டிய பக்கம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எல்லாவற்றுக்கும் பழகிய எங்களுக்கு ஒன்றுக்கு மட்டும் பழக முடியவில்லை. ஒருநாள் ஷைனி காலேஜிலிருந்து திரும்பியபோது அவள் விரல்முட்டுகளில் தோல் இல்லை. இரண்டு பக்கத்துச் சுவரும் உரசியிருக்கிறது. மறுநாள் துணி சுற்றிக்கொண்டு போனாள், அதற்கு மறுவாரம் துணிக்கும் இடமில்லை. அவள் வீட்டு மூலையும் நாராயணவடிவின் வீட்டு வாசற்படியும் எதிரெதிரே வரும் இடம்தான் முடுக்கின் ஆக ஒடுங்கிய இடம். அங்கே வண்டி சிக்கிக்கொண்டு அவள் போராடுவதை ஜன்னலில் நின்று பார்த்த நாராயணவடிவு உள்ளே போனார், கடப்பாரையோடு வந்தார், அவருடைய அப்பா போட்ட கருங்கல் படியை, அத்தனை வருஷமும் உட்கார்ந்து சண்டை போட்ட அதே படியை, நாலே போடில் உடைத்துத் தள்ளினார். "அப்பிடியே போ பிள்ளே," என்றார். அந்த வழியில் ஷைனி கொஞ்ச காலம் போனாள், பிறகு அந்த இடமும் ஒடுங்கியது.

புஷ்பலீலா எஸ்டேட் ஆபீஸுக்குப் போனாள். கணவன் கொல்லத்துக்குக் கொத்துவேலைக்குப் போய் அங்கேயே வேறொரு குடும்பமாகிவிட்ட நாளிலிருந்து அவள் யார் முன்னாலும் நின்று பேசத் தயங்கியதில்லை.

"சாரே, எனக்க மவளுக்க வண்டி போவல்ல. வந்து அளந்து பாருங்க."

"அளந்தாச்சே லீலா. அகலம் கொறையல்லன்னு அண்ணைக்கே பாத்தாச்சில்லா."

"அது அண்ணைக்கு. இண்ணைக்கு அளங்க."

"பாரம் ஏறுனது அண்ணைக்கு. கொறையணும்னா அண்ணைக்கே கொறஞ்சிருக்கணும். இது ஒங்க சொவரு வீங்குனதாக்கும், சுண்ணாம்பு கூடுதலா அடிக்காதியம்மா."

அதோடு விடவில்லை. முடுக்கு குடியிருக்க லாயக்கில்லை, எல்லாரும் மலைமேல் உள்ள மேல் டிவிஷன் வீடுகளுக்கு மாறிக்கொள்ள வேண்டும், இங்கே ரப்பர் நடப்போகிறோம் என்று ஆபீஸ் சுவரில் ஒட்டிவிட்டார்கள். மேல் டிவிஷனுக்குப் பஸ் கிடையாது, ரோடும் கிடையாது, ஆனைகள் நடந்து நடந்து விழுந்த ஆனைத்தாரை ஒன்று உண்டு. அங்கே போனால் ஷைனியின் காலேஜ் அன்றோடு தீர்ந்தது, அது மேனேஜருக்கும் தெரியும். ஆண்கள் நாலு பேர் சேர்ந்து அவளைத் தினமும் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸில் வைக்கிறோம் என்றார்கள், நல்ல மனசோடுதான் சொன்னார்கள்.

"நான் சாக்குமூட்ட இல்ல," என்றாள் ஷைனி. "எனக்க வண்டியில நான் போவேன். இல்லேன்னா போவாண்டாம்."

"நாங்களும் போவல்ல," என்றாள் புஷ்பலீலா, ஆபீஸ் சுவரைப் பார்த்து. ஒட்டிய காகிதத்தை அவள் கிழிக்கவில்லை, அதன்மேல் மீன் செதிலைத் தட்டிவிட்டு வந்தாள்.

சங்கம் கூடியது. செயலாளர் மிக்கேல்தாஸுக்கு ஒரே ஒரு விதமான போராட்டம்தான் தெரியும். "கேட்டு முன்னால இருந்தாத்தான் போராட்டம். எனக்க அப்பன் இருந்ததும் அங்கினதான்," என்றார். பால்வடிப்பை நிறுத்தினோம், பாய், அண்டா, மைக்செட்டு, கைப்பிள்ளைகள், பசு உட்பட மொத்த முடுக்கும் அடியில் இறங்கிக் கிட்டங்கியை ஒட்டிக் கேட்டு முன்னால் உட்கார்ந்தோம், கஞ்சி காய்ச்சினோம், கோஷம் போட்டோம். வண்டி இறங்காததால் ஷைனி மட்டும் மேலே தன் வாசலில் தனியாக இருந்தாள். நாங்கள் கோஷம் போடப்போட முடுக்கு இன்னும் நீண்டது. கோஷத்தின் பலன் என்று மிக்கேல்தாஸ் மைக்கில் சொன்னார். நாலைந்து நாளில் மேலேயிருந்து ஷைனியின் குரல் கேட்டது.

"அம்மா! எல்லாரையும் எழும்பச் சொல்லு! கிட்டங்கி போதாதுன்னு நீங்களும்கூட இருந்து இழுக்குதிய! இங்க சொவரு எனக்க மூக்குக்கு நேர வந்தாச்சு!"

ஊர் முழுவதும் உட்கார்ந்த பாரம். புஷ்பலீலா மைக்கைப் பிடுங்கினாள். "எழும்புங்க எல்லாரும். மேல பாறைக்குப் போவோம். அங்க இருந்தா மண்ணு இழுபடாது."

"கேட்டு இல்லாத எடத்தில என்னத்த போராட்டம்?" என்று மிக்கேல்தாஸ் முனகினார்.

"வேணும்னா நீரு கேட்டத் தூக்கிட்டு வாரும்," என்றாள்.

மேலே போய்ப் புகைப்புரை முற்றத்துப் பாறையில் உட்கார்ந்தோம், அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது எவ்வளவு நல்ல இடம் அது என்று. கேட்டு முன்னால் இருந்தவரை மேனேஜர் ஜீப்பிலிருந்து இறங்காமலே எங்களோடு பேசிவிட்டுப் போவார்; இப்போது பேச வேண்டுமென்றால் அந்த நீண்டு ஒடுங்கிய முடுக்கில் மேலேறி வர வேண்டும். மரங்களில் பால் கட்டிக்கொண்டு நின்றது, முதலாளி போனில் கத்தினார், மேனேஜர் வந்தார். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து, இரண்டு வரிசைச் சுண்ணாம்பையும் சட்டையில் பூசிக்கொண்டு, பித்தான்களை வழியெல்லாம் உதிர்த்துக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றார். சுவரைப் பற்றி அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"செரி, கிட்டங்கிய காலி செய்யுங்க," என்றார். "காலி செஞ்ச அண்ணைக்கே அளப்போம். விரிஞ்சிருந்தா நீங்க சொன்னது செரி. விரியல்லேன்னா ஷீட்ட திரும்ப வச்சுட்டு எல்லாரும் மேல் டிவிஷனுக்குப் போவணும்."

மிக்கேல்தாஸ் கைகுலுக்கிவிட்டார். குலுக்கிய பிறகுதான் எங்களிடம் திரும்பி, "செரிதானே?" என்றார். ஷீட்டையெல்லாம் தலையில் சுமந்து, பக்கவாட்டில் நடந்து, உச்சிப் பாறையில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினோம். கடைசிக் கட்டு மேலே வந்ததும் முடுக்கு சிலிர்த்துக்கொண்டது, கண்முன்னாலேயே சுருங்கி மேலேறியது, வீடும் வீடும் பழையபடி நெருங்கி வந்து நின்றன, நடுவே கம்பெனி நட்ட கன்றுகளில் ஒன்று என் அடுக்களைக்குள் முளைத்தமாதிரி நின்றது. நாங்கள் குலவையிட்டோம். மேனேஜர் நீளத்தை அளக்கவில்லை. நேராக புஷ்பலீலாவின் வீட்டு மூலைக்கு வந்து அகலத்தை அளந்தார்.

ஒரு நூல்கூட விரியவில்லை.

"பாத்தியளா? பாரத்த எடுத்தாச்சு, அகலம் அப்பிடியே இருக்கு. அப்பம் பாரத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." டேப்பு சர்ரென்று உள்ளே போனது. "நாளைக்கு ஆளு வருது. ஷீட்ட எறக்கணும். நீங்க சாமானம் கெட்டுங்க."

அன்று சாயங்காலம் முடுக்கில் சாக்கும் கயிறும் வெளியே வந்தன. உண்மையைச் சொன்னால் எங்களில் பாதிப் பேர் சாமான் கட்டத் தொடங்கிவிட்டோம், நானும் இரண்டு பானையைச் சாக்கில் போட்டேன். புஷ்பலீலா திண்டாடிப் போய் மகளிடம் கேட்டாள், "இது விரியுமா மக்களே?"

"எனக்குத் தெரியாது," என்றாள் ஷைனி. "ஒடுங்கியதுக்கு எத்தற காலம் எடுத்துது? விரியதுக்கு மட்டும் ஒடனே விரியணுமா? அவருக்க டேப்புக்கு அவசரம்னா அதுக்கு முடுக்கு என்ன செய்யும்?"

மறுநாள் காலையில், வெளியூர் ஆட்கள் பாறைமேல் ஏறி ஷீட்டுக்கட்டைத் தலையில் தூக்கிய நேரத்தில், ஷைனி தன் வண்டியை வாசலிலிருந்து, முடுக்கு இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்த மேல்பக்கத்துக்குப் பின்னோக்கியே கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனாள், பிரேக்கை விட்டாள். சரிவில் ஓடிவந்த வண்டி அவள் வீட்டு மூலைக்கும் நாராயணவடிவின் உடைந்த படிக்கும் நடுவே டங்கென்று அடித்து, இரண்டு சக்கரமும் இரண்டு சுவரில் கவ்வி நின்றது. உச்சியிலிருந்து சுமையோடு கிட்டங்கிக்கு இறங்க வேறு வழி கிடையாது. தலையில் கட்டோடு முதல் ஆள் வந்து நின்றான், அவன் பின்னால் இரண்டாவது ஆள், அவன் பின்னால் உச்சிவரைக்கும் ஆட்கள். கீழ்ப்பக்கத்திலிருந்து மேனேஜர் வந்தார்.

"வண்டிய எடு பிள்ளே."

"எடுக்க முடியாது சாரே. சிக்கீட்டு."

"தூக்குங்கடே!"

இரண்டு பேர் இழுத்தார்கள், இரும்பு அசையவில்லை. புஷ்பலீலா தன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். மறு பக்கத்தில் நாராயணவடிவு தன் ஜன்னல் கம்பியோடு வண்டியைப் பசுவின் கயிற்றால் கட்டினார், மூன்று முடிச்சு போட்டார்.

"எத்தற நாளு இப்பிடி இருப்ப?" என்றார் மேனேஜர்.

"முடுக்கு விடுகது வரைக்கும்."

"விடல்லேன்னா?"

"விடல்லேன்னா இங்க இருந்து படிப்பேன். ஒங்க அளவு ஒரு நாளு அளவாக்கும் சாரே. எனக்க அளவு இந்த வண்டி. இது உருண்டா விரிஞ்சாச்சு, உருளல்லேன்னா விரியல்ல. அதுவரைக்கும் ஷீட்டு அங்கினயே இருக்கட்டும்."

இருந்தாள். விடிந்ததும் வண்டியில் ஏறி உட்காருவாள், இருட்டினால் அம்மா மட்டும் அவளைத் தூக்கி வாசல் வழியாக உள்ளே படுக்கவைப்பாள், வண்டி கயிற்றோடு அங்கேயே காவல் நிற்கும். கட்டி வைத்த சாமானையெல்லாம் நாங்கள் அவிழ்த்தோம். வடக்கு ஜன்னலிலிருந்து மீன்கறியும் தெற்கு ஜன்னலிலிருந்து புளிசேரியும் அவள் தட்டில் விழுந்தன, எதை முதலில் தின்றாள் என்பதில் இரண்டு வரிசைக்கும் ரோஷம் வந்தது. கீழ்ப்பக்கத்துப் பிள்ளைகள் அவள் காலடியில் வந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் கேட்டார்கள், மேல்பக்கத்துப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டார்கள். மேனேஜர் தினமும் வந்தார், "விரிஞ்சுதா?" என்று கேட்டுச் சிரித்தார், ஆளுக்குக் கூலி கொடுத்துச் சும்மா நிறுத்த முடியாமல் வெளியூர்க்காரர்களைத் திருப்பி அனுப்பினார். பிறகு மழை பிடித்தது. காற்றில் தார்ப்பாய் பறந்தது, பாறைமேல் இருந்த ஷீட்டெல்லாம் நனைந்து பூசணம் பிடித்து, மேல் அட்டியின் பாரத்தில் கீழ் அட்டி நசுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்க முடியாத ஒரே கட்டியாக உறைந்துபோனது. கம்பெனியின் பாரம் கம்பெனியின் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டது. மேனேஜர் வந்தபோது சிரிப்பு இல்லை.

அதற்குப் பிறகும் முடுக்கு விரியவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது, புஷ்பலீலாவுக்கும் வந்தது, அவள் ஜன்னலுக்குள் நின்று சத்தமில்லாமல் அழுததை நான் பார்த்தேன். எதிர் ஜன்னலில் நாராயணவடிவும் பார்த்தார். "ஏ லீலா, அழுவாத. அழுத தண்ணி எனக்க வீட்டுக்கு ஓடீட்டு வரும்," என்றார். அவள் அழுகையோடே அவரைத் திட்டினாள், திட்டி முடித்தபோது அழுகை நின்றிருந்தது.

மழை வெறித்த ஒரு காலை, செல்லக்கனி முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள், மேனேஜர் வழக்கம்போல் கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார், ஷைனி புத்தகத்தை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள், யாரும் எதையும் எதிர்பார்க்காத அந்த நேரத்தில் இரும்பு முனகியது. வண்டி தானாக ஒரு சாண் உருண்டு, கயிறு இழுத்துப் பிடித்ததில் நின்றது. சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே மெல்லிசாக வெயில் தெரிந்தது.

ஷைனி புத்தகத்தை மூடினாள். "சாரே, டேப்பு இருக்கா?"

மேனேஜர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"இருந்தா அளங்க."

அவர் அளந்தார். முடுக்கு முழுவதும் ஜன்னல்களில் முகம் வைத்துக்கொண்டு நின்றோம். "எத்தறயாக்கும்?" என்று நாராயணவடிவு கேட்டார்.

"கொஞ்சம்... கூடியிருக்கு," என்றார் மேனேஜர்.

"நாளைக்கும் வரணும்," என்றாள் ஷைனி. "நாளக்கழிஞ்சும் வரணும். இது விரிஞ்சு முடியது வரைக்கும் வந்து அளக்கணும். ஒரு தடவ அளந்தா அளந்தது இல்ல சாரே." பிறகு தெற்கு ஜன்னலைப் பார்த்து, "மாமா, கயித்த அவுருங்க," என்றாள்.

நாராயணவடிவு மூன்று முடிச்சையும் அவிழ்த்தார். வண்டி உருண்டது. மேனேஜர் அதன் முன்னால் நின்றார், அவர் ஒதுங்கிக்கொள்ள முடுக்கில் இடமில்லை. திரும்பிக்கொண்டு முன்னால் நடந்திருக்கலாம், திரும்ப மட்டும் இடம் இருந்தது. ஆனால் இறங்கி வரும் அந்த வண்டிக்கு முதுகைக் காட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை. கையில் தொங்கும் டேப்போடு, சுவரைத் தடவித் தடவி, செல்லக்கனியின் பசு வருவதுபோல் ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்தார், ஒவ்வொரு வீடாகத் தாண்டி, காலிக் கிட்டங்கியைத் தாண்டி, கேட்டு வரைக்கும் நடந்தார், ஷைனி அவரை அவசரப்படுத்தவில்லை.

ரோட்டில் பஸ் நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, "என்ன பிள்ளே, எத்தற நாளாச்சு, காணவே இல்ல?" என்று கேட்டார்.

"எனக்க முடுக்கு பையத்தான் வரும் அண்ணே," என்றாள் ஷைனி, "ஆனா வந்திரும்."